ஆளுக்குப் பாதி

பதினொன்றரைக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தும் சண்முகவடிவு ஒன்பதே முக்காலுக்கே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முந்தி வந்தவருக்கு முந்தி என்பதெல்லாம் ரேஷன் கடை நியாயம், இந்தப் போதை மீட்பு இல்லத்தில் அது செல்லாது, அவளுக்கும் தெரியும்தான், ஆனால் வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது, செம்பை எடுக்கும், கைப்பையைத் திறக்கும், அப்புறம் எல்லாம் தானாக நடந்துவிடும். காலை எட்டு மணிக்குப் போட வேண்டிய மாத்திரையை இன்றைக்கு அவள் போடவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவை. போடவில்லையே தவிர, வீட்டில் விட்டுவிட்டு வரவும் துணியவில்லை, கைப்பையின் உள் ஜிப்புக்குள் அட்டையோடு கிடக்கிறது, பக்கத்திலேயே டாக்டர் சீட்டும். வாசலில் பையைச் சோதித்த அம்மாள், "பீடி, சிகரெட்டு, பொடி, மாத்திரை ஏதும் வச்சிருக்கியளா?" என்று கேட்டபோது, "எனக்குள்ள பிரஷர் மாத்திரைதான்" என்றாள். பிரஷரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த அம்மாள் அவள் கழுத்துத் தாலியையும் நெற்றித் திருநீற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு உள்ளதுன்னா வச்சுக்கோங்க" என்று விட்டுவிட்டாள். அவளுக்கு முன்னால் நின்ற கைலி கட்டிய ஆளிடம் தைலப் பாட்டிலைக்கூடத் திறந்து மோந்து பார்த்திருந்தாள். திருநீறு இருந்தால் எந்த வாசலும் திறக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், நினைத்ததும் திருநீறு என்ற சொல்லில் போய் மனசு இடித்துக்கொண்டது, அதை அங்கேயே விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. போன வாரம் வந்தபோதும் இதே விசிறிதான், இந்தச் சத்தம் இல்லை, அல்லது இருந்து அவளுக்குக் கேட்கவில்லை. பினாயில் வாடை தொண்டைக்குள் இறங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கெண்டைக்காலில் ஒரு நரம்பு தன்பாட்டுக்குத் துடித்தது, அதன் மேல் செருப்புக் காலை வைத்து அமுக்கினாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, இன்றைக்கு ஒரு நாள் தாக்குப்பிடித்துவிட்டால் நாளைக்கும் முடியும், நாளைக்கு முடிந்தால் ஒரு வாரம், சத்தமில்லாமல் விட்டுவிடலாம், விட்டுவிட்டால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. இதுதான் அவள் விடியற்காலையில் தனக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். சொல்ல வேண்டியது என்ன என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கவில்லை. போன வியாழக்கிழமை இதே வராந்தாவின் கடைசி அறையில், இல்லத்து ஆலோசகர் ஜெசிந்தா மேடம் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, ஒரு தாளை வைத்துக்கொண்டு மகன் நாயகத்திடம் கேட்டாள்: "கஞ்சாவுக்கும் வலி மாத்திரைக்கும் முன்னால, தூக்க மாத்திரை, படபடப்பு மாத்திரை இப்படி ஏதாவது பழக்கம் உண்டுமா?" நாயகம் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். ஒரு நொடிதான். "இல்ல மேடம்." "நீங்க சொல்லுங்கம்மா?" "அப்படில்லாம் ஒண்ணும் கெடையாது மேடம்." இல்லை என்று எழுதி, அடியில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் ஜெசிந்தா மேடம் சொன்னாள், அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை, காலையில் கை நடுங்குகிறது, டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதுவார், முன்னால் அந்தப் பழக்கம் இருந்தவர்களுக்கு அதைக் கொடுக்க மாட்டோம், பழைய நெருப்பில் எண்ணெய் விட்ட கதையாகிவிடும், அவர்கள் வீட்டில் வேறு யாருக்காகவும் அந்த மாத்திரை இருக்கக் கூடாது, நல்ல வேளை இவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. சொல்லிவிட்டு மாத்திரையின் பெயரையும் சொன்னாள். கைப்பைக்குள் கிடக்கும் அட்டையில் இருக்கிற அதே பெயர்.

"ஒங்க வீட்டுல குடியா, கஞ்சாவா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் கேட்டாள், கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரா ரசமா என்று கேட்பதுபோல. பெயர் செல்லக்கனி, சங்கரன்கோவில் பக்கம், உள்ளே இருப்பது அவள் புருஷன், இது மூன்றாவது தடவை. சண்முகவடிவு வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிக்கொண்டு போனாள். "எங்க வீட்டுல குடி. குடிகூட ஒரு வகையில தேவல, என்னக்கா, கவர்மெண்டுக் கடையிலதான விக்காவ. இந்தக் கஞ்சாவும் ஊசியும்தான் கண்றாவி. பெத்தவ எப்படித்தான் தாங்குவாளோ." சண்முகவடிவு, "ஆமா" என்றாள். இதே பேச்சைத்தான் அவள் புருஷன் சிதம்பரநாதனும் பேசுவார், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், சனிக்கிழமை தவறாமல் அரைப் பாட்டில், அதற்கு வறுத்த கடலை அவளே எடுத்து வைக்க வேண்டும். "நான் சாப்புடுதது அலுப்புக்கு. நீ போடுதது மருந்து. அந்த நாய் செய்யுதது போதை" என்று மூன்று விரலை மடக்கிக் காட்டுவார். அலுப்பு, மருந்து, போதை. மூன்றையும் இவ்வளவு சுளுவாகப் பிரித்துப்போட அவரால்தான் முடியும். மகனைப் பார்க்க அவர் இதுவரை ஒரு நாளும் வரவில்லை, செத்தாலும் வர மாட்டேன் என்று சொன்னார், சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பைக்குள் அவரே அவனுடைய பழைய போர்வையை மடித்து வைத்ததை அவள் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஒங்களுக்கு வேர்த்து ஊத்துதே, சுகர் உண்டுமாக்கா?" என்று செல்லக்கனி கேட்டாள். "இல்ல, வெயிலு" என்றாள் சண்முகவடிவு.

வெயில் இல்லை, அது அவளுக்கே தெரியும், இது அந்தப் பழைய வேர்வை. சாம்பாரில் பல்லி கிடந்த அன்றைக்கு வந்த வேர்வை. அவள் சத்துணவு அமைப்பாளர், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு. பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் அமைப்பாளர் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி, அன்றைக்கும் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. நாலாவது வரிசையில் ஒரு பிள்ளையின் தட்டில் வால் தெரிந்தது. இருபத்து மூன்று பிள்ளைகளை வேனில் ஏற்றினார்கள், எல்லாம் சாயங்காலத்துக்குள் பிஸ்கட் தின்றுகொண்டு திரும்பி வந்துவிட்டன, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த மூன்று மணி நேரம் பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் அவளைப் பேசிய பேச்சு. விசாரணை, மூன்று மாதம் சஸ்பெண்டு, திரும்ப வேலை. திரும்ப வந்த முதல் நாள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள், நெஞ்சு குதித்துத் தொண்டைக்கு வந்துவிட்டது, கை கால் விறைத்து அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த டாக்டர், தங்கமான மனுஷர், இப்போது மகளோடு போய் வெளியூரில் இருக்கிறார், இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பத்தே நாளில் அவள் மனுஷி ஆனாள். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அந்த மாத்திரை இல்லையென்றால் வேலை போயிருக்கும், வேலை போயிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாளோ. நன்றி கெட்டுப் பேசக் கூடாது. ஆனால் டாக்டர் எழுதியது முப்பது நாளைக்கு. முப்பத்தொன்றாம் நாள் காலையில் மறுபடியும் நெஞ்சு குதித்தது, பயம், அந்தச் சீட்டையே கொண்டுபோய் மறுபடியும் வாங்கினாள், அடுத்த மாதமும் வாங்கினாள், சீட்டு மடிப்பில் கிழியப் பார்த்தது, பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிட்டாள். குடும்ப அட்டைக்கும் ஆதாருக்கும் போட்டபோது அதோடு சேர்த்து. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மருந்துக் கடையில் அதை யாரும் வாங்கிக்கூடப் பார்ப்பதில்லை, "வாங்கக்கா, ரெண்டு அட்டையா?" என்பார்கள். அப்படியும் ஒவ்வொரு தடவையும் அவள் சீட்டைக் கவுண்டரில் எடுத்து வைப்பாள், அது ஒரு மரியாதை.

நாயகத்துக்கு அப்போது பத்தாம் வகுப்பு. கோமதிநாயகம் என்று மாமனார் பெயர், பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதென்று அவள் எய்யா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். கணக்குப் பரீட்சை அன்று காலையில் பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தவித்தது. தின்ற இட்லியெல்லாம் வெளியே வந்துவிட்டது. உள்ளங்கை ஈரம். "பொட்டப்பிள்ள கணக்கா நிக்கான் பாரு" என்று சிதம்பரநாதன் கூடத்திலிருந்து கத்தினார். அவளுக்கு அந்தக் கை நடுக்கம் தெரியும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், கரண்டி பிடித்த கை. தன் வயிற்றிலிருந்துதான் அது பிள்ளைக்குப் போயிருக்கிறது என்று நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மணி எட்டு. அவளுடைய மாத்திரை கையில் தயாராக இருந்தது. நடுவில் ஒரு கோடு இருக்கும், கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினால் டப்பென்று இரண்டாகும். "இதப் போட்டுக்கோய்யா, ஒண்ணும் செய்யாது, டாக்டர் குடுத்ததுதான். இந்தா, ஆளுக்குப் பாதி." எதிலும் பாதி கொடுத்துத்தானே வளர்த்தாள், முறுக்கில் பாதி, பழத்தில் பாதி, காய்ச்சல் வந்தால் காய்ச்சல் மாத்திரையில் பாதி, தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் வீட்டில் இருக்கிற மாத்திரையை எடுத்து நீட்டுவதுதானே வழக்கம், இதில் என்ன தப்பைக் கண்டோம். பிள்ளை தெளிந்த முகத்தோடு போனான். தொண்ணூற்றொரு மார்க். சிதம்பரநாதன் நெல்லையப்பருக்கு அர்ச்சனை செய்தார், சந்நிதியில் கும்பிடும்போது அவளுக்குள் ஒரு சிறு கர்வம், இதில் பாதிப் புண்ணியம் என்னுடையது என்று. பாதி. அன்றைக்கு அவள் அப்படித்தான் நினைத்தாள், அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் அது ஒரு சடங்காகிவிட்டது. காலாண்டு, அரையாண்டு, பிளஸ் டூ, ஒவ்வொரு பரீட்சைக்கும் எட்டு மணிக்கு அடுக்களையில் இரண்டு பேர், ஒரு செம்புத் தண்ணீர். சில சமயம் பரீட்சை இல்லாத நாளும் அவன் வந்து நின்றான், வாய் திறந்து கேட்க மாட்டான், சும்மா நிற்பான், அவள் உடைப்பாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, சொல்லத்தான் வேண்டும், மீசை முளைத்த பிள்ளை அம்மா பக்கத்தில் வந்து நிற்கிற நேரம் அது ஒன்றுதான். கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனபோது, பெட்டியில் முறுக்கு, பருப்புப்பொடி, திருச்செந்தூர்த் திருநீற்றுப் பொட்டலம், அந்தப் பொட்டலத்துக்குள் பத்து மாத்திரை அட்டை ஒன்று. யாரும் பிரித்துப் பார்க்காத இடம் என்று அவளாகவே தேடி வைத்தாள். மறைத்து வைக்கத் தெரிந்தவளுக்கு அது மறைக்க வேண்டிய பொருள் என்று தெரியாமலா இருந்தது? இரண்டாம் வருஷம் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது என்று அவள் பால்குடம் எடுத்தாள். தைரியம் வரவில்லை, வேறு ஆள் வந்திருந்தான், வேறு அட்டை வந்திருந்தது, பாதியெல்லாம் அங்கே பேச்சில்லை. ஹாஸ்டலிலிருந்து போன் வந்து சிதம்பரநாதன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தபோது பிள்ளையின் கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது.

அந்த வாரம் ஒரு காலை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்பினால், அவன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். அவள்தான் ஆரம்பித்தாள், குடும்ப மானத்தை வாங்கிவிட்டாயே, கஞ்சாக் குடிக்கிற பயலைப் பெத்தேனே என்று. அவன் கோபப்படவில்லை. "ஒனக்குச் சீட்டு இருக்கு, எனக்குச் சீட்டு இல்ல. அம்புட்டுதானம்மா?" என்றான். அவள் அறைந்தாள். பெற்ற நாளிலிருந்து அடித்ததில்லை, அன்றைக்கு அடித்தாள். சத்தம் கேட்டுச் சிதம்பரநாதன் வந்து, "என்னட்டி சொன்னான்?" என்று கேட்டார். நாயகம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அப்போது சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தை, மொதல்ல குடுத்ததே இவதான் என்று. "ஒண்ணுமில்லப்பா" என்று போய்விட்டான். இன்றுவரை அவன் சொல்லவில்லை. அவன் திட்டியிருந்தால், காட்டிக் கொடுத்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனால் அவன் சொன்னதும் சரியில்லையே, இரண்டும் எப்படி ஒன்றாகும், என் நெஞ்சு குதித்தது நிஜம், டாக்டர் பார்த்தது நிஜம், நான் மருந்தாகத்தான் போட்டேன், சுகத்துக்கா போட்டேன்? போட்டுப் பத்து நிமிஷத்தில் தோள்பட்டை இரண்டும் இறங்கி, யாரோ தலையை மடியில் வாங்கிக்கொண்டதுபோல ஒன்று வருமே, அதற்காக ஒரு நாளும் போட்டதில்லையா? போன வருஷம் உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்? முப்பது நாள் மருந்து. முப்பத்தொன்றாம் நாள் அதற்கு என்ன பேர்? லேமினேஷன் சீட்டு உள் ஜிப்புக்குள் முதுகை நீட்டிக் கிடந்தது, துணிக்கு மேலாகவே அவள் விரல் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரமாகத் தடவுகிறது என்று தெரியவில்லை.

பதினொரு மணிக்கு உள் முற்றத்தில் மணி அடித்தது. நர்ஸ் ஒருத்தி தட்டோடு வந்து நின்றாள், ஆண்கள் வரிசையில் வந்தார்கள், நரைத்தவர்கள், கல்யாணமானவர்கள், மீசை சரியாக முளைக்காதவர்கள். ஆளுக்கொரு சின்னக் கப்பில் மாத்திரை. "வாயத் தொற. நாக்கத் தூக்கு. ம், போ." சண்முகவடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவளுடைய பேச்சு. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு அப்புறம் இரும்புச் சத்து மாத்திரை, ரோஸ் கலர், வாத்தியார்களுக்கு நேரமில்லை என்று அவளேதான் கொடுப்பாள், பிள்ளைகள் நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருந்து வேப்பமரத்தடியில் துப்பிவிடும், அதனால் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஆ காட்டு, நாக்கைத் தூக்கு. நாயகம் சின்ன வயதில் லீவு நாளில் அவளோடு வந்தால் அதேபோல் பொம்மையை நிறுத்தி வைத்து நாக்கைத் தூக்கு நாக்கைத் தூக்கு என்று விளையாடுவான். இப்போது வரிசையில் ஏழாவதாக நின்றான். வாயைத் திறந்தான். தூக்கினான். நர்ஸ் குனிந்து பார்த்தாள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல நின்ற அந்த நிலையை அவளால் பார்க்க முடியவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோமதிநாயகம் வீட்டுலருந்து யாரு?" எழுந்தாள். தரை ஒரு பக்கமாகச் சரிந்தது, செல்லக்கனி முழங்கையைப் பிடித்துவிட்டாள். கடைசி அறையில் அவன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான், காலடியில் பை, பைக்குள் மடித்த போர்வை, கிளம்பத் தயாராக. "சாப்ட்டியாம்மா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஜெசிந்தா மேடம் ஒரு காகிதக் கவரை நீட்டினாள். "இந்தாங்கம்மா, பதினஞ்சு நாளைக்கு இருக்கு. காலைல ஒண்ணு. அவன்கிட்டக் குடுத்துரப்பிடாது, நீங்கதான் எடுத்து எடுத்துக் குடுக்கணும்." வாங்கினாள். அவள் கையில் கவர் படபடவென்று அடித்துக்கொண்டது. "என்னம்மா, கை இப்படி நடுங்குது?" காப்பி குடிக்கவில்லை என்ற பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதற்குள் நாயகம் முந்திக்கொண்டான். "எங்கம்மைக்குப் பிரஷர், மேடம்." சொல்லும்போது அவன் மேடத்தையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. கவரைப் பார்த்தான். எட்டு மணிக்கு அடுக்களை வாசலில் வந்து நிற்பானே, அந்தப் பார்வை. அப்போதெல்லாம் அதை அவள் பாசம் என்று நினைத்திருந்தாள்.

"இத இவனுக்குக் குடுக்காதிய மேடம்" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. கைப்பையைக் கவிழ்த்தாள், சில்லறை, பஸ் டிக்கெட், அட்டை, லேமினேஷன் சீட்டு. "போன வாரம் நான் சொன்னது பொய். இது எனக்குள்ளது. பரீட்சைக்குப் பயந்தான்னு நான்தான் பாதி உடைச்சுக் குடுத்தேன். மொதல்ல குடுத்தவ நான்தான், வேற யாரும் இல்ல." "எம்மா, சும்மா இரேன்" என்றான் நாயகம். "நீ இத்தன வருசம் சும்மா இருந்தது போதும்யா." ஜெசிந்தா மேடம் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "முப்பது நாளைக்குத்தானம்மா எழுதிருக்காவ" என்றாள், திட்டுகிற குரலில் இல்லை. கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பம் இன்னைக்கு இவன அனுப்ப முடியாதும்மா. டாக்டர் வந்து திரும்பப் பாக்கணும், எல்லாத்தையும் மாத்தி எழுதணும், இன்னும் மூணு நாலு வாரம் ஆயிரும்." நாயகம் குனிந்து காலடியில் இருந்த பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். "நீங்க இன்னைக்கு இதப் போட்டியளா?" என்று மேடம் அவளைக் கேட்டாள். "போடல. விட்டுரலாம்னு." "இத இப்படிச் சட்டுனு விடப்பிடாதும்மா, வலிப்பு வந்துரும். இப்பம் போடுங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். ஒங்களையும் டாக்டர் பாக்கட்டும்." ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

மகன் எதிரில் உட்கார்ந்திருக்க, அவள் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்தாள். வெட்கமாக இருந்தது, பசியும்போல இருந்தது, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. கட்டை விரல் நகம் தானாகக் கோட்டைத் தேடிப் போனது. டப். ஒரு பாதியை வாயில் போட்டாள், மறு பாதியோடு வலது கை மேசைக்கு மேலாக நீண்டு அவன் முன்னால் போய் நின்றது. தான் நீட்டியிருக்கிறோம் என்பதே அவளுக்கு அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஜெசிந்தா மேடம் எழுந்துவிட்டாள். நாயகம் அந்தப் பாதியைப் பார்த்தான். அவன் கையும் மேலே வந்தது, வந்து அவள் விரல்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக மடக்கி, அந்தப் பாதியை அவள் உள்ளங்கைக்குள்ளேயே மூடியது. "இதுவும் ஒனக்குள்ளதுதாம்மா" என்றான். அவள் அதையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளர் பல்லில் இடித்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"வாயத் தொறம்மா" என்றான். "நாக்கத் தூக்கு."

சண்முகவடிவு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.